வட்டச் சன்னலில் தெரிந்த கால்கள்

பிற்பகல் இரண்டு மணி. கேபின் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மேசையைப் பார்த்த சங்குக்காரி அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி ஜாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

துணி நண்டுதான். வெள்ளைத் துண்டை முறுக்கி மடித்து, இரண்டு கொடுக்குகளையும் தூக்கி நிறுத்திச் செய்தது. கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் இளைஞன் தினமும் இப்படி ஒரு பிராணியைத் துண்டில் மடித்து வைத்துவிட்டுப் போவான். முந்தாநாள் யானை, நேற்று வாத்து. அதனால் குழந்தைகள் அவனுக்குத் துண்டண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேப்டன்கூட இப்போது அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நண்டு அழகாகத்தான் இருந்தது. ஜாடியைத்தான் காணோம்.

"ஏங்க, ஜாடியை நீங்க எங்கேயாவது எடுத்து வெச்சீங்களா?"

"நானா? அதைத் தொட்டா நீ என் கையை ஒடிச்சிடுவியே," என்றான் பின்னால் வந்த கணவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்குப் பின்னால், குளியலறையில் தேடினார்கள். ஜாடி கண்ணாமூச்சி ஆடுகிற பொருளா என்ன? இல்லை என்றால் இல்லைதான்.

அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு ஜாடிக்கா இவ்வளவு கலவரம் என்று தோன்றும். சங்குகள் ஒரே பக்கமாகத்தான் சுற்றி வளரும். எப்போதோ ஒன்று வழிதவறிப் பிறந்து மறுபக்கமாகச் சுற்றும். அதற்குத்தான் வலம்புரி என்று பெயர். அந்த ஓட்டுக்காகச் சொத்தையே எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்குக்காரியின் ஜாடியில் இருந்தது கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு வலம்புரி. உயிரோடு இருந்தது. போன வாரம் ஜாடிச் சுவரில் பொட்டுப் பொட்டாக முட்டையும் வைத்திருந்தது. குஞ்சுகள் எந்தப் பக்கம் சுற்றும்? தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று சொல்லிவிட்டால் போதுமா, பார்க்க வேண்டாமா? சங்குகளை ஆராய்கிற அவள், இப்படி ஒன்றைத் தேடித்தான் குடும்பத்தையே மூட்டை கட்டிக் கப்பலேற்றியிருந்தாள். தண்ணீருக்குள் சின்ன மோட்டார் ஒன்று ஓயாமல் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அது நின்றால் சங்கும் முட்டைகளும் ஒரு பகல்கூடத் தாங்காது.

கப்பல், சரக்கு ஏற்றி ஓய்ந்துபோய் இப்போது படிப்புக் கப்பலாக வேலை பார்க்கிறது. பெரியவர்கள் கடல் கடலாக ஆராய்ச்சி செய்வார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே வகுப்பு நடக்கும். கணவன் பள்ளிக்கூட ஆசிரியன். நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்து இங்கே கணக்குச் சொல்லித் தருகிறான். கடல் பாடம் பக்கத்துக் கேபின் பேராசிரியருடையது. கல்லூரியில் சங்குக்காரிக்குக் குருவாக இருந்தவர். கப்பலில் இவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். துறைமுகத்தில் நிற்கிற நாளில் மட்டும் பாடம் கிடையாது. வகுப்பறையைப் பூட்டிவிட்டு, தண்ணீரும் காய்கறியும் ஏறுகிற வரைக்கும் எல்லோரும் ஊர் சுற்றலாம்.

இந்தக் குடும்பத்தில் இன்னொருத்தி உண்டு. கணவனின் அக்கா. குழந்தைகளுக்கு அத்தை, சங்குக்காரிக்கு அண்ணி. பல் டாக்டர். "தம்பி பிள்ளைங்க மிட்டாய் தின்னே பல்லைக் கெடுத்துக்கும்" என்று சொல்லி, தன் மருத்துவமனையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பியவள். நாத்தனாரோடு மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் என்றதும் சங்குக்காரியின் தோழிகள் உச்சுக்கொட்டினார்கள். அவளுக்கும் உள்ளூரக் கலக்கம்தான். ஏனென்றால் அண்ணி யார் சொல்வதையும் நம்பமாட்டாள். பல் துலக்கிவிட்டேன் என்று குழந்தை சொன்னால், "ஆ காட்டு" என்பாள். குழம்புக்கு உப்பு போட்டாயிற்று என்றால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். சந்தேகப் புத்தி என்று சங்குக்காரி கணவனிடம் பலமுறை முணுமுணுத்திருக்கிறாள்.

அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கப்பல் துறைமேடையை ஒட்டி நின்றதும், கீழ்த்தளத்து வட்டச் சன்னல்களுக்கு நேரே மேடை தெரிந்தது. அதாவது, மேடையில் நடக்கிறவர்களின் கால்கள் தெரிந்தன. முழங்காலுக்கு மேல் ஒருவருக்கும் உடம்பு கிடையாது. அண்ணி அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். செருப்பைப் பார்த்துத் தொழிலைச் சொல்ல வேண்டும்.

"மாவு படிஞ்சிருக்கு. ரொட்டிக் கடை," என்றாள் பத்து வயதுப் பெரியவள்.

"சுண்ணாம்பாவும் இருக்கலாம். கொத்தனார்," என்றாள் அண்ணி.

"இது துண்டண்ணன்," என்றான் ஆறு வயதுச் சின்னவன். அதில் சந்தேகமே இல்லை. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஒன்றில் வெள்ளை நாடா, ஒன்றில் நீல நாடா. அறுந்த நாடாவுக்குப் பதில் பெரியவள்தான் தன்னுடையதைக் கொடுத்திருந்தாள். அவன் குப்பைக் கூடையைக் கரையில் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

அப்போது பேராசிரியர் வாசலில் வந்து நின்றார். நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என் சன்னல்லயும் இதே கால் கூட்டம்தான். எனக்குத் தலைவலி. படுத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க."

ஒன்பது மணிக்குக் குடும்பம் இறங்கியது. கரைக்குப் போட்டிருந்த பலகைப்பாலத்தில் சின்னவன் உட்கார்ந்தபடியே சறுக்கினான். கடல் காட்சிசாலையையும் கடைவீதியையும் சுற்றிவிட்டுத் திரும்பியபோதும் அப்படியே சறுக்கிக்கொண்டு கப்பலுக்குள் வந்து விழுந்தான். போகும்போதும் சறுக்கு, வரும்போதும் சறுக்கு என்று அவனுக்கு ஒரே கொண்டாட்டம். கால்சட்டை கிழிந்த கவலை அம்மாவுக்கு.

அந்தக் கவலையோடு வந்து கதவைத் திறந்தவள்தான் இப்போது துணி நண்டின் முன்னால் நிற்கிறாள்.

கேபின் பூட்டியிருக்கவில்லை. கப்பலில் யாருமே பூட்டுவதில்லை. நடுக்கடலில் திருடிவிட்டு எங்கே ஓடுவது என்ற தைரியம். துறைமுகத்திலும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

கேப்டன் வந்தார். வார்த்தைகளை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். "அஞ்சு மணிக்குள்ள தொட்டியில குடிதண்ணி ஏறிடும். அதுக்கு மேல என்னால ஒரு நிமிஷம் நிக்க முடியாது. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. பேராசிரியர் நெற்றியில் ஈரத்துணியோடு நின்றார். உள்ளே திரைச்சீலை இழுத்துவிட்ட அறை கும்மிருட்டாக இருந்தது. விஷயத்தைக் கேட்டுக் கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார்.

"சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன். பாவம், ஏழைப் பையன்."

"சொல்லுங்க சார்," என்றாள் சங்குக்காரி.

"மத்தியானம் உங்க அறையில கதவுச் சத்தம் கேட்டுச்சு. சாதாரணமா விட்டுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் காத்துக்காகத் திரையை விலக்கிச் சன்னல் பக்கம் நின்னேன். மேடையில அந்தப் பையனோட கால் போச்சு. ஒரு ஷூவுல நீல நாடா, தப்பவே முடியாது. கையில ஒரு பை, உள்ள உருண்டையா ஏதோ கனமா இருந்துச்சு. வேக வேகமா ஊர்ப்பக்கம் போனான். அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. உடனே எல்லாரும் கரைக்குப் போய்க் கடைகள்ல தேடினா கிடைச்சிடும். கேபினை நான் பாத்துக்கறேன்."

துண்டண்ணனைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"மத்தியானம் கரைக்குப் போனியா?" கேப்டன் கேட்டார்.

"போனேங்க."

"கையில என்ன? பேராசிரியர் பாத்திருக்கார்."

"பிஸ்கட் டின்னுங்க. தங்கச்சிக்குத் தபால்ல அனுப்பப் போனேன்."

"உருண்டை டின்னா?"

"ஆமாங்க. பேராசிரியர் ஐயா அதைப் பாத்தாரா?" அவன் குரலில் ஆச்சரியம் இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இந்த அறையை எப்ப துடைச்சே?"

"பத்து, பத்தரை இருக்கும். நான் வந்தப்பவே ஜாடி இல்லீங்க. அம்மா கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். காலி இடமா இருந்துச்சேன்னு நண்டை அங்க வெச்சேன்."

கேப்டன் சங்குக்காரியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது. அவளுக்கு முட்டைகள் எங்கேயோ மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. "சார் பொய் சொல்லமாட்டார்," என்றாள்.

"சரி. கிளம்பறதுக்கு முன்னால அவனைத் துறைமுகப் போலீஸ்ல ஒப்படைச்சிடறேன். உன் பையை எடுத்துக்கிட்டுப் பாலத்துக்கிட்ட உக்காரு."

துண்டண்ணன் பையை எடுக்கத் திரும்பினான். முன்பின் தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கப்பல் போய்விட்டால் அவன் கதி அதோகதிதான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கணவன் கடைகளில் தேட ஓடத் தயாரானான்.

"டேய், நில்லு," என்றாள் அண்ணி.

இதுவரை அவள் மேசைக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். துணி நண்டைத் தூக்கிப் பார்த்தாள், அடியில் தடவினாள், சுவரில் இருந்த மின்சாரச் சொருகியைப் பார்த்தாள். பிறகு வட்டச் சன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இப்ப யார் கால் தெரியுது?" என்று கேட்டான் சின்னவன்.

"ஒருத்தர் காலும் இல்ல கண்ணு," என்றாள் அண்ணி. அவள் முகம் மாறவில்லை. பல்லுக்குள் சொத்தையைக் கண்டுபிடித்தாலும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும். நோயாளி பயந்துவிடக் கூடாதாம்.

கேப்டனும் பேராசிரியரும் போனதும் அவள் சங்குக்காரியைக் கட்டிலில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. சங்கோட ஓட்டை மட்டும் விக்கணும்னு ஒருத்தன் வந்தா எப்படி எடுப்பான்?"

"கையில எடுத்துப் பாக்கெட்டுல போட்டுப்பான் அண்ணி. வெந்நீர்ல முக்கினா உள்ள இருக்கறது வந்துடும். ஓடுதானே வேணும்."

"அப்ப ஜாடி எதுக்கு?"

சங்குக்காரி நிமிர்ந்தாள்.

"மோட்டாரும் இல்ல, பாத்தியா? ஒயரோட கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. காசுக்குத் திருடறவனுக்கு எதுக்கு இந்தச் சுமை? முட்டை உயிரோட வேணும்னு நினைக்கிறவங்கதான் மோட்டாரை எடுப்பாங்க. அப்படின்னா உன் வலம்புரி சாகல. எங்கேயோ ஒரு சொருகியில மாட்டி ஓடிக்கிட்டிருக்கு."

சங்குக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது, அதை அவள் நினைக்க விரும்பவில்லை. முட்டையின் அருமை தெரிந்தவர்கள் இந்தக் கப்பலில் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணினால் இரண்டாவது விரலுக்கு வேலை இல்லை.

"சார் அப்படிப்பட்டவர் இல்ல அண்ணி. எனக்கு மைக்ராஸ்கோப்பைப் பிடிக்கவே கத்துக் குடுத்தவர்."

"நான் யாரையும் சொல்லலையேம்மா. வலிக்குதுன்னு வர்றவங்க விரல் வெச்சுக் காட்டுவாங்க, இந்தப் பல்லுதான்னு. பாதி நேரம் அது வேற பல்லா இருக்கும். அதனால காட்டற பல்லை நான் பிடுங்கறதில்ல. இரு, வர்றேன்."

அண்ணி மேல்தளத்துக்குப் போனாள். அங்கே கப்பலின் கனத்த கயிறுகளைக் கவனித்துக்கொண்டிருந்த மாலுமியிடம் ஏதோ கேட்டாள். அவர் கைகளை அகல விரித்துக் காட்டினார். பாலத்தருகே பையோடு உட்கார்ந்திருந்த துண்டண்ணனிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். திரும்பும்போது கேப்டனையும் கையோடு கூட்டி வந்தாள். மணி மூன்றேகால்.

பேராசிரியரின் கதவைத் தட்டினாள். சங்குக்காரியும் கணவனும் பின்னால் நின்றார்கள்.

"தலைவலி எப்படி இருக்கு சார்? ஒரு சின்ன சந்தேகம், அதான் வந்தேன். இங்க சன்னல்கிட்ட நின்னுதானே பாத்தீங்க?"

"ஆமாம். இதோ, இங்கதான்."

"முழு ஆளும் தெரிஞ்சானா?"

"இல்லம்மா. காலும், தொங்கற பையும்தான். நீல நாடாவை வெச்சுக் கண்டுபிடிச்சேன்."

"எத்தனை மணி இருக்கும்?"

"துறைமுகத்துல பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிச்சு. ஊதிக்கிட்டு இருக்கும்போதே பாத்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா? ஒன்பது, பத்தா இருக்காதே?"

"சங்குச் சத்தம் தலைவலிக்காரனுக்கு மறக்குமா?" என்று லேசாகச் சிரித்தார் பேராசிரியர்.

"அப்ப சரி," என்ற அண்ணி திரைச்சீலையை இழுத்து விலக்கினாள்.

சன்னல் முழுக்கச் சுவர். கறுத்து, வழவழவென்று பாசி வழிந்து, சிப்பி அப்பிக் கிடந்த துறைமேடையின் சுவர். மேடையே தெரியவில்லை. கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் ஒரு கீற்று வானம் தெரிந்தது, அவ்வளவுதான்.

கேப்டன் ஒரு தடவை சுவரைப் பார்த்தார், ஒரு தடவை பேராசிரியரைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கணவனுக்குத் தேவைப்பட்டது.

"என்னக்கா இது? காலையில கால் தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுதுடா. காலையில கடல் ஏறியிருந்துச்சு, கப்பலும் மேல இருந்துச்சு. அப்புறம் கடல் இறங்குச்சு, கூடவே கப்பலும் இறங்கிடுச்சு. இந்த ஊர்ல ரெண்டு மூணு ஆள் உயரத்துக்குத் தண்ணி இறங்குமாம், கயிறு பாக்கற பெரியவர் கையை விரிச்சுக் காட்டினார். பத்தரை மணிக்கெல்லாம் மேடை கண்ணுக்கு மறைஞ்சாச்சு. உன் பையன் போகும்போதும் சறுக்கினான், வரும்போதும் சறுக்கினான். ஒரே பாலம் ரெண்டு பக்கமும் எப்படிடா சரியும்? பட்டப்பகல் ரெண்டு மணிக்கு உன் பொண்டாட்டி கேபின்ல விளக்கைப் போட்டா. வெயில் கொளுத்துது, அறை ஏன் இருட்டாச்சு? இதையெல்லாம் நாம எல்லாருமே பாத்தோம். கண்டுக்கல."

சங்குக்காரி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். சுவிட்சைத் தட்டியது இந்தக் கைதான். கடல் ஏறுவதையும் இறங்குவதையும் கணக்குப் போட்டு வலை வீசுகிறவள் அவள். அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறவர் அவர். இரண்டு பேருக்கும் அது ஏட்டில் இருந்தது, சன்னலில் இருந்ததை மறந்துவிட்டார்கள்.

"சார் பன்னிரண்டு மணிக்கு இந்த அறையிலேயே இல்ல," என்றாள் அண்ணி. "இருந்திருந்தா சுவரைத்தான் பாத்திருப்பார். அதே சமயம், அந்தப் பையன் கையில உருண்டையா இருந்ததைச் சரியாச் சொல்றார். அப்ப பாத்தது நிஜம். பாத்த இடம்தான் பொய். அவன்கிட்ட இப்ப கேட்டேன், சங்கு ஊதும்போது நீ எங்க இருந்தேன்னு. தபால் ஆபீஸ் வாசல்லயாம். சாரும் அந்தத் தெருவுலதான் இருந்திருக்கார். தலைவலின்னு படுத்தவர் தெருவுல என்ன பண்ணினார்னு அவர்தான் சொல்லணும்."

பேராசிரியர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் நினைக்கறதைச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. ஒன்பது மணிக்கு நாங்க இறங்கினதும் ஜாடியை எடுத்தாச்சு. அதனாலதான் பத்து மணிக்குத் துடைக்க வந்தவனுக்கு இடம் காலியா இருந்துச்சு. ஜாடியைத் திருடினவன் அங்க நண்டு செஞ்சு வெச்சு அழகு பாப்பானா? அப்புறம் நீங்க ஊருக்குள்ள போனீங்க, ஜாடியை ஒப்படைக்க யாரையோ பாக்க. அங்க துண்டண்ணனைப் பாத்தீங்க. அவனும் உங்களைப் பாத்திருப்பான்னு பயந்துட்டீங்க. அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னால அவனையே திருடனாக்கிட்டா, அப்புறம் அவன் பேச்சு எடுபடாது. இன்னொரு லாபமும் உண்டு. நாங்க எல்லாரும் கரைக்கு ஓடிடுவோம், ஜாடி வெளிய போக வழி கிடைக்கும்."

"அவன் பார்த்தானா?" பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்.

"பாக்கலியாம். தலையைக் குனிஞ்சு டின்னைக் கட்டிக்கிட்டு இருந்தானாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தால் அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அது அவருக்கும் அந்த நிமிஷத்தில் புரிந்தது. நெற்றித் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த அறையில ஜாடி இருக்காது, நான் தட்டினதுமே நீங்களே கதவைத் திறந்து விட்டீங்க," என்றாள் அண்ணி. "சொருகி இருக்கணும், ஆள் வரக் கூடாது, சாவி உங்ககிட்ட இருக்கணும். துறைமுகத்துல நிக்கற நாள்ல கப்பல்ல அப்படி ஒரு இடம்தான் இருக்கு. வகுப்பறைச் சாவியைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வகுப்பறைக் கதவைத் திறந்ததுமே சங்குக்காரிக்குக் கேட்டது. கரும்பலகைக்குக் கீழே, உலக வரைபடங்கள் வைக்கும் அலமாரிக்குள்ளிருந்து, குபுகுபுவென்று குமிழி விடுகிற சத்தம். முழங்கால் போட்டுக் கதவைத் திறந்தாள். வலம்புரி ஜாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கொம்புகளை நீட்டி, சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. முட்டைகள் ஒன்றுகூடக் கலையவில்லை. தண்ணீர் மாற்றியிருந்தது. எடுத்தவர் அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பேராசிரியர் வாசலில் நின்றார்.

"ஆயுசு பூரா எல்லாக் கடலையும் அலசினேன். ஒண்ணு கிடைக்கல. நீ முதல் தடவை வலை போட்ட அன்னைக்கே..." மேலே சொல்லவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சார். ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்திருக்கலாம். அது போகட்டும். அந்தப் பையனை ஏன் சார் இழுத்தீங்க?"

பேராசிரியர் திரும்பி நடந்தார். கேப்டன் அவர் பெட்டியைக் கட்டச் சொன்னார். இந்தத் துறைமுகத்தோடு அவர் பயணம் முடிந்தது. போகிறபோது சங்குக்காரியிடம், தண்ணீரைத் தினம் பாதிதான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக மனசு வலித்தது.

ஜாடியைக் கணவனிடம் கொடுத்துவிட்டு அவள் மேல்தளத்துக்கு ஓடினாள். அண்ணி அவளுக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். கடல் மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்தது. துண்டண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். கேப்டன் விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, இருந்தும் எழுந்திருக்கத் தோன்றாமல் இருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தான்.

"டாக்டரம்மா, எல்லாரும் அவர் பேச்சைக் கேட்டாங்க. நீங்க மட்டும் எப்படிம்மா என்னை நம்பினீங்க?"

"உன்னையும் நம்பலியேப்பா," என்றாள் அண்ணி. "அவரையும் நம்பல, உன்னையும் நம்பல. போய்ப் பாத்தேன்."

சங்குக்காரி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். இத்தனை நாள் சந்தேகப் புத்தி என்று தான் பெயர் வைத்திருந்தது எது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. படித்தவர் சொன்னால் அப்படியே நம்பி, துடைப்பம் பிடித்தவன் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தது அவள்தான். அண்ணி இரண்டு பேரையும் ஒரே மாதிரி வாயைத் திறக்கச் சொன்னாள். இவளைப் போல ஒருத்தி தனக்கு நாத்தனாராக வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அதைச் சொல்லவும் ஆசைப்பட்டாள். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

அவனுக்கு முன்னால் போய் நின்றாள். மூட்டை தூக்குகிறவர்களும் மாலுமிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டன் என்னைக் கேட்டப்ப, ஒரு தடவை உன் முகத்தைப் பாத்திருந்தாப் போதும். நான் பாக்கல. உன்னைத் திருடன்னு சொன்னது அவர் மட்டும் இல்ல, நானும்தான். என்னை மன்னிச்சிடுப்பா."

துண்டண்ணன் தலையைச் சொறிந்தான். "பரவால்லங்க. ஜாடி கிடைச்சிடுச்சில்ல?"

அவள் குனிந்து அவன் பையை எடுத்தாள்.

"ஐயோ, வேண்டாங்கம்மா. கனமா இருக்கும், நான் தூக்கிக்கறேன்."

"நான்தானே இதை இங்க கொண்டுவந்து வெச்சேன்," என்றாள் சங்குக்காரி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அவன் அறை இருந்த அடித்தளத்துக்குப் படியிறங்கினாள்.